‘கொலைப்படு மகன் அலன்’ என்று சொன்னவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குமரி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அரசியல் நாவல்களைத் தேடித் தேடி வாசிப்பவன் நான். அண்மையில் அவற்றின் மேல் ஒரு சலிப்பு வந்துவிட்டது. எந்த நாவலை எடுத்தாலும் ஊழல் செய்பவர் ஓர் அமைச்சராகவோ பெருமுதலாளியாகவோ இருக்கிறார். அவரை எதிர்த்து ஒரு நேர்மையாளர் நிற்கிறார். வாசித்து முடிக்கும்போது நானும் அந்த நேர்மையாளரின் பக்கம் நிற்பதாக ஒரு நிறைவு உண்டாகிறது. மறுநாள் காலையில் கல்குவாரி தொடர்பான கோப்பு என் மேசைக்கு வரும். குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்பது அதற்கு முன்பே வாய்மொழியாக வந்துவிடும். நான் எழுதிச் சுருக்கொப்பம் இட்டு மேலே அனுப்புகிறேன். இதுவரை யாரிடமும் பணம் வாங்கியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அதிகாரத்தையும் ஊழலையும் பற்றிய கதைகளாலும் கட்டுரைகளாலும் என்னைப் போன்ற ஒருவனுக்கு என்ன பயன்? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்,
தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று நாட்களாக மனதில் வைத்திருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது இலக்கியத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இலக்கியத்தின் வழியாகவே பதில் சொல்ல முயல்கிறேன். ஏனெனில் உங்கள் மேசையைப் பற்றி மிகப் பழைய காலத்திலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

சிலப்பதிகாரத்தின் அரசியலைப் பேசும்போதெல்லாம் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி வீழ்ந்த பாண்டியனையே நாம் நினைவுகூர்கிறோம். தவறு செய்த அதிகாரம் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டது என்ற அந்தக் காட்சி நமக்கு ஆறுதலாக இருக்கிறது, மேடைப் பேச்சுக்கும் தோதாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கொலைக்களக் காதை இருக்கிறது. அங்கே ஊடல்கொண்ட தேவியைக் காணப் போகும் அவசரத்தில் இருக்கும் மன்னன், சிலம்பு கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு சொல்லிவிட்டுப் போகிறான். விசாரணை இல்லை. காவலர்கள் பொற்கொல்லனோடு போய்க் கோவலனைப் பார்க்கிறார்கள். இளங்கோ அந்த இடத்தில் நின்று நிதானிக்கிறார். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர்கள் ‘கொலைப்படு மகன் அலன்’, அதாவது இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன், என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வாய்விட்டும் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு நடப்பதைத்தான் நம்முடைய அரசியல் நாவலாசிரியர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். பொற்கொல்லன் அவர்களை மிரட்டவில்லை, அவர்களுக்குக் கையூட்டும் கொடுக்கவில்லை. கள்வர்கள் மந்திரத்தாலும் மருந்தாலும் நிமித்தத்தாலும் தந்திரத்தாலும் எப்படியெல்லாம் திருடுவார்கள் என்று ஒரு நூலறிஞனைப் போல விளக்குகிறான். உடனே ஓர் இளைய காவலன், மழைக்கால நள்ளிரவில் ஒரு கள்வனிடம் தான் ஏமாந்த கதையைச் சொல்கிறான். இவர்களைப் பிடிப்பது அரிது, பிடிக்காவிட்டால் வேந்தன் நம்மை வருத்துவான், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்று கேட்கிறான். இந்தப் பேச்சு ஓய்வதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன், கல்வியறிவில்லாத ஒரு குடிகாரன், வாளை வீசிவிடுகிறான். ஐயம் கொண்டவர்கள் கொல்லவில்லை. கொன்றவனுக்கோ ஐயம் இல்லை. ஆனால் ஐயம் கொண்டவர்கள் பேசிக்கொண்டே நின்ற அந்தச் சிறு இடைவெளியில்தான் கோவலன் வெட்டுண்டான். ஒரு பொய்க்கு நிபுணத்துவத்தின் மொழி கிடைத்துவிட்டால் மனசாட்சி எவ்வளவு எளிதாகத் தன் சொல்லை விட்டுக்கொடுத்துவிடும் என்பதை இதைவிடத் துல்லியமாக எழுதிய இடம் தமிழில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கோப்பில் ‘விதிகளுக்கு உட்பட்டு’ என்று தொடங்கும் பத்தியை நினைத்துப் பாருங்கள்.

மேலே இருக்கும் ஒருவரையே குற்றவாளியாகக் காட்டும் நாவல் உங்களுக்குச் சலிப்பூட்டுவதன் காரணமும் இதுதான். அது அதிகாரத்தை ஓர் ஆளாகக் காண்கிறது. உண்மையில் அதிகாரம் கைமாறிக் கைமாறி வருகிறது, ஒவ்வொரு கையிலும் ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை எழுதாத நாவல் வாசகனுக்கு ஒரு போலியான தூய்மையை அளித்து அனுப்பிவிடுகிறது.

போலித் தூய்மை என்று சொல்வது கடுமையாகப் படலாம். ஆனால் சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் உரைநடையாக வரும் உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று கண்ணகிக்கு விழா எடுத்தான், மழை பெய்தது என்கிறது அது. ஊழல் செய்தவன் ஒருவன். உயிரைக் கொடுத்தவர்களோ அவன் தொழிலைச் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் அறியாதவர்கள். அங்கே கேள்வி கேட்காமல் கடந்துபோகிறவன் அரசியல் இலக்கியத்தை வாசிப்பதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. இரணியலை அடுத்த தலக்குளத்தில் 1765-ல் பிறந்த வேலுத்தம்பி, திருவிதாங்கூர் அமைச்சர்களின் கட்டாய வசூலுக்கு எதிராக மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்கு நடத்திச் சென்றார். அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. அதன் பிறகு அவரே தளவாய், அதாவது தலைமை அமைச்சர், ஆனார். ஊழலை ஒழிக்கிறேன் என்று அவர் விதித்த தண்டனைகளின் கொடுமையை, அவரைப் போற்றி எழுதுபவர்களாலும் மறைக்க முடியவில்லை. 1805-ல் ஆங்கிலேயக் கம்பெனியோடு நாட்டின் கழுத்தை நெரிக்கும் உடன்படிக்கையைச் செய்துகொண்டவரும் அவரே. 1809-ல் அதே கம்பெனிக்கு எதிராகக் குண்டறையில் அறைகூவல் விடுத்து, தோற்று, மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டவரும் அவரே. அவருடைய உடலையும் கம்பெனியார் விடவில்லை, பொது இடத்தில் தொங்கவிட்டார்கள். இந்த மனிதரை வீரராக மட்டுமோ கொடியவராக மட்டுமோ எழுதினால் கிடைப்பது ஒரு சுவரொட்டி. கட்டாய வசூலுக்கு எதிராக எழுந்த அறச்சீற்றம் எந்தத் தண்டனையின்போது சுவைக்கத் தொடங்கியது என்று கேட்கும் நாவல்தான் எனக்கு வேண்டும். வரலாற்று ஆவணம் அந்தக் கணத்தைக் குறித்து வைப்பதில்லை. புனைவுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

கட்டுரையின் வேலை வேறு. 1841-ல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அகிலத்திரட்டு அம்மானை, திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்று அழைப்பதோடு நின்றுவிடவில்லை. தாலிக்கு வரி, சருகுக்கு வரி, கம்புதடிக்கு வரி என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அது கட்டுரை அல்ல, அய்யாவழியைப் பின்பற்றும் பல்லாயிரவர் வணங்கும் புனித நூல். ஆயினும் அரசியல் கட்டுரைக்கு வேண்டிய முதல் பண்பு அதில் இருக்கிறது. கொடுமை என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பொருளுக்கு, யாருடைய கையிலிருந்து என்று அது எண்ணிச் சொல்கிறது. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை வழியாக மலைகள் லாரியில் போகின்றன என்று நாம் உருக்கமாக எழுதுகிறோம். எந்த நடைச்சீட்டில் எத்தனை நடை போயிற்று என்று எழுதும் கட்டுரைதான் யாரையாவது உறக்கத்திலிருந்து எழுப்பும். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்தே இருக்கிறது.

கட்டுரைக்கு இன்னொரு வலிமை உண்டு. அதனால் ‘நான்’ என்று சொல்ல முடியும். பர்மாவில் ஆங்கிலேயக் காவல் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், யானையைச் சுட்டதைப் பற்றி 1936-ல் எழுதிய கட்டுரை அத்தகையது. மதம் தணிந்து அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும் யானையைச் சுடத் தேவையில்லை என்று கையில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தெரியும். பின்னால் கூட்டம் காத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தின் முன் அசடாகத் தெரியக் கூடாது என்பதற்காக அவர் சுடுகிறார். பேரரசின் கொடுமையைப் பற்றிய எத்தனையோ நூல்கள் சொல்லாததை அந்த ஒரு காரணம் சொல்லிவிடுகிறது.

இனி உங்கள் கேள்வி. பணம் வாங்கியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன் என்று நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியங்களும், நீங்கள் வாசித்துச் சலித்த நாவல்களில் எதிலும் இல்லாதவை. ‘கொலைப்படு மகன் அலன்’ என்று சொன்னவர்களின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் இன்னும் சொல்லுக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதால் சொல்கிறேன். நடைமுறையில், வாய்மொழியாக வரும் உத்தரவை எழுத்தில் தருமாறு கேட்பது உங்கள் உரிமை; கேட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை என்னைவிட நீங்கள்தான் அறிவீர்கள். அந்த முடிவை வெளியில் இருந்துகொண்டு நான் சொல்வது முறையாகாது.

ஆனால் ஒன்றைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அமைச்சரை விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும் நேரத்திலிருந்து அது மேலே போகும் நேரம் வரை எழுதுங்கள். வாய்மொழி உத்தரவைச் சொன்னவர் எந்தத் தொனியில் சொன்னார், வீட்டில் யாரைப் பற்றி விசாரித்தார், பேனாவை எடுப்பதற்கு முன் நீங்கள் வேறு எந்தக் கோப்பைப் புரட்டினீர்கள், எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஊரையும் பெயர்களையும் மாற்றிவிடுங்கள். உங்களை நல்லவராகவும் காட்ட வேண்டாம், தண்டித்துக்கொள்ளவும் வேண்டாம். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர் இல்லாமலேயே அதை இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.