சீதனம் வாங்கிய சகோதரிகளின் கையெழுத்து இல்லாமல் வீடு வாங்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் 12 சென்ட் புரையிடமும் (வீட்டு மனையும்) வீடும் 42 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறேன். அட்வான்ஸ் 5 லட்சம் கொடுத்தாயிற்று. அதில் 2 லட்சம் ரொக்கம். மூன்று மாதத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதினோம், பதியவில்லை. ஆறு மாத அவகாசம். விற்பவர்கள் கிறிஸ்தவக் குடும்பத்து அண்ணன், தம்பி. தம்பி துபாயில் இருக்கிறார். அவர்களுடைய அப்பா 1998-ல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. சகோதரிகள் மூன்று பேர். அதில் ஒருவர் 2015-ல் இறந்துவிட்டார். அவருக்குக் கணவரும் இரண்டு பிள்ளைகளும் உண்டு, இளைய பிள்ளைக்கு 16 வயது. "சீதனம் கொடுத்து அனுப்பியாச்சு, அவங்களுக்குப் பங்கு கிடையாது" என்கிறார்கள். அண்ணனும் தம்பியும் மட்டும் 2006-ல் பதிந்த பாகப்பிரிவினையும், இருவர் பெயரில் பட்டாவும் இருக்கின்றன. மூல ஆதாரம் (பத்திரம்) தாத்தா பெயரில் மலையாள ஆண்டு 1118-ல் எழுதிய மலையாள ஆதாரம். தாத்தா 1949-ல் இறந்தார். கிரயம் செய்யலாமா?

பதில்: இப்போதைய நிலையில் செய்யாதீர்கள். அண்ணனும் தம்பியும் மட்டும் கையெழுத்துப் போட்டால், 42 லட்சத்துக்கும் உங்களுக்குச் சட்டப்படி வந்து சேருவது 15-ல் 4 பங்குதான். பண மதிப்பில் 11 லட்சத்து 20 ஆயிரம்.

"சீதனம் வாங்கினவளுக்குப் பங்கில்லை" என்பது ஒரு காலத்தில் இந்த மண்ணில் சட்டமாகவே இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை இன்றைய கேரளத்தின் முன்னோடியான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். சீதனம் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் நீங்கிவிட்டது, அன்றிலிருந்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 தான் பொருந்தும் என்று 1986-ல், கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலர் அதைக் கேரளத்துத் தீர்ப்பு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். 1951-ல் நாமும் அதே மாநிலம்தான். அந்த மாற்றம் விளவங்கோட்டுக்கும் பக்கத்துக் கல்குளம் வட்டத்துக்கும் அப்படியே பொருந்தும்.

அதனால் இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பத்துச் சொத்து வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, சொத்துக்காரர் இறந்த தேதி. தாத்தா 1949-ல் இறந்ததால் பழைய சட்டம். அவருடைய பெண்மக்கள், அதாவது விற்பவரின் அத்தைமார், சீதனம் வாங்கியிருந்தால் அந்தத் தலைமுறையில் பொதுவாகச் சிக்கல் இல்லை. (லத்தீன் ரீதிக் கத்தோலிக்கரில் சிலருக்கும் புராட்டஸ்டன்ட்களில் சிலருக்கும் ஆண், பெண் சமபங்கு வழக்கம் இருந்ததால் அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. எந்தச் சபை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) அப்பா இறந்தது 1998. அங்கே மகனும் மகளும் ஒன்றுதான்.

கணக்கு இப்படி வரும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகள் எல்லாருக்கும் சமம். அம்மாவுக்கு 15-ல் 5, அதாவது 14 லட்சம். ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 15-ல் 2, அதாவது 5 லட்சத்து 60 ஆயிரம். இறந்த சகோதரி தன் அப்பாவுக்குப் பிறகு இறந்ததால், அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்கு இறங்குகிறது: கணவருக்கு மூன்றில் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒவ்வொன்று. அவர் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் கணவருக்கு எதுவும் வராது, பிள்ளைகளுக்கு மட்டும் போகும். இறப்புச் சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

கொடுத்த சீதனத்தைப் பங்கில் கழிக்கலாமே என்பார்கள். முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்காகக் கொடுத்த பணமோ பொருளோ எதையும், அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது சேர்க்கக் கூடாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. நூறு பவுன் போட்டு அனுப்பியிருந்தாலும் இதுதான் சட்டம்.

2006 பாகப்பிரிவினை பதிவானது உண்மை. ஆனால் பதிவு அலுவலகம் உரிமையை விசாரித்துத் தீர்ப்பதில்லை. இருவர் பிரித்துக்கொண்டதால் அதில் கையெழுத்துப் போடாத மற்றவர்களின் பங்கு அழியாது. பட்டா வருவாய்க் கணக்கு; அதுவும் உரிமைப் பத்திரம் ஆகாது. "இத்தனை வருஷம் கேக்கலியே" என்பதும் நிற்காது. கூட்டுச் சொத்தை ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகவே கருதப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கி வைத்ததாக நிரூபித்தால்தான் கதை மாறும்.

துணிந்து வாங்கினால் என்ன ஆகும்? சகோதரிகளில் ஒருவர் குழித்துறை நீதிமன்றத்திலோ பத்மநாபபுரம் நீதிமன்றத்திலோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் போதும். "தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கினேன்" என்ற வாதம் உங்களுக்கு இல்லை; சகோதரிகள் இருப்பது தெரியும் என்று உங்கள் கேள்வியே சொல்கிறது. பிரிக்காத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, குடும்பத்தாரோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை கிடையாது (சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 44). பங்கைப் பிரித்துக் கேட்டு நீங்களே வழக்குப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு உங்கள் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் கொடுக்கிறது. வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும், வங்கியின் வழக்கறிஞர் கேட்கும் முதல் தாளே வாரிசுச் சான்றுதான்.

அதை நீங்களே இப்போது கேளுங்கள். அப்பாவின் பெயரில் வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றில் ஐந்து பிள்ளைகளும் அம்மாவும் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர்கள் சேர்ந்த தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். விட்டுப்போன பெண்மக்களின் பெயர் அங்கே இருக்கும். வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

வழி எளிமையானது. பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனித்தனி விடுதலைப் பத்திரம் எழுதிச் செலவு செய்ய வேண்டாம். எல்லா வாரிசுகளையும் ஒரே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேருங்கள். 2006 பாகப்பிரிவினையைப் பத்திரத்தில் குறிப்பிட்டு, முழுச் சொத்தையும் எல்லாரும் சேர்ந்து விற்பதாக எழுதுங்கள். அவரவர் பங்குத் தொகையை அவரவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். "அண்ணன் கையில கொடுங்க" என்று சகோதரிகளே சொன்னாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னாளில் "ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்" என்ற வழக்குக்கு அந்த வங்கிக் கணக்கு ஏடுதான் பதில். அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் உண்மையாகவே அவர்கள் கைக்குப் போவதும் இதனால்தான்.

அம்மாவால் அலுவலகத்துக்கு வர முடியாவிட்டால், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய மனுக் கொடுக்கலாம்.

16 வயதுப் பிள்ளையின் பங்கை அப்பா கையெழுத்துப் போட்டு விற்றால் போதாது. காப்பாளர் சட்டம், 1890-ன் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, அந்தப் பணத்தைப் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இதற்குச் சில மாதம் ஆகும். 18 முடியும்வரை காத்திருந்து பதிவதும் ஒரு வழிதான்; வீட்டுக்கு அவசரம் இல்லை என்றால் அதுவே சுத்தம்.

துபாய் தம்பி நேரில் வந்தால் நல்லது. வராவிட்டால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் பத்திரம் வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பதிவன்று, பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான 30 நாளுக்கு உட்பட்ட சான்றும் வேண்டும். அவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், 50 லட்சத்துக்குக் கீழே வரிப் பிடித்தம் இல்லை என்ற விதி அவர் பங்குக்குப் பொருந்தாது. பிடிக்காமல் கொடுத்தால் அந்த வரியை உங்களிடம் கேட்பார்கள். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் அவர் சான்று வாங்கித் தரலாம்.

1118 என்பது கொல்லம் ஆண்டு. ஆண்டு தொடங்கும் சிங்ஙம் மாதம் (ஆகஸ்ட் நடு) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்கு மேல் 825 கூட்டினால் 1942–43 வரும். மலையாளம் படிக்கத் தெரிந்த ஆதாரம் எழுத்தரிடம் முழுதாக மொழிபெயர்த்து வாங்குங்கள். அது விலையாதாரமா (கிரயப் பத்திரமா), ஒற்றியா (அடமானமா) என்பதுதான் முக்கியம். ஒற்றி என்றால் உரிமை எப்போது எப்படித் தாத்தாவுக்கு வந்தது என்று காட்ட வேறு ஆதாரம் வேண்டும். 12 சென்ட் என்றால் பட்டாவில் 4.86 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) இருக்க வேண்டும். 4.45 ஏர்தான் இருந்தால் ஒரு சென்ட் குறைகிறது. சர்வேயரை வைத்து அளந்து, அளவுக்குத் தகுந்த விலையைப் பேசுங்கள்.

பதிவுச் செலவு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதக் கட்டணம்: 42 லட்சத்துக்கு 3 லட்சத்து 78 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்மேல் கணக்கு.

அட்வான்ஸ் விஷயத்தில் நாள் குறைவு. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம், அதற்கு எழுதிய நாளிலிருந்து நான்கு மாதம்தான். பழைய ஒப்பந்தத்தைப் பதிவதைவிட, எல்லா வாரிசுகளும் கையெழுத்திடும் புது ஒப்பந்தம் எழுதி, கொடுத்த 5 லட்சத்தை அதில் வரவு காட்டி, நீதிமன்ற அனுமதிக்கும் சேர்த்து அவகாசம் போட்டுப் பதியுங்கள். ரொக்கம் 2 லட்சத்துக்கு இருவரிடமும் எழுத்தில் ரசீது வாங்குங்கள். சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். இனி எல்லாம் வங்கி வழியாகவே இருக்கட்டும்.

சகோதரிகள் விற்க மறுத்தால் அவர்களை வற்புறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. அண்ணன், தம்பிக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். உரிமையைச் சரியாகக் காட்ட முடியாதது விற்பவரின் தவறு. அதனால் அட்வான்ஸ் பறிபோகாது, அந்தத் தொகைக்கு அவர்களுடைய பங்கின் மீது உங்களுக்குப் பாத்தியதையும் (பிணையுரிமையும்) உண்டு. ஆறு மாத அவகாசம் முடியும் முன்பே அந்த அறிவிப்புப் போய்ச் சேரட்டும். நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.