ஒரு வெப்சைட் மட்டும் என் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. டிஎன்எஸ் கேஷை அழித்தால் சரியாகுமா?

சில சமயம் ஆகும், பல சமயம் ஆகாது. மற்ற தளங்கள் ஓடுகின்றன, இது ஒன்று மட்டும் மக்கர் பண்ணுகிறது, ஆனால் மொபைல் டேட்டாவில் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவல்தான் உருப்படியானது. மொபைலிலும் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் சர்வரில்தான். அப்போது இங்கே எதை அழித்தும் புண்ணியமில்லை.

எங்கள் அம்மா அடிக்கடி தேவைப்படும் போன் நம்பர்களைக் காலண்டர் அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதி வைப்பார். சிலிண்டர் போடுகிறவர் நம்பர் மாற்றி ஆறு மாதமாகியும் அம்மா அட்டையைப் பார்த்துத்தான் போன் போடுவார், யாரோ எடுத்துத் திட்டுவார்கள். டிஎன்எஸ் கேஷ் அந்த அட்டைதான். தளத்தின் பெயரைச் சொன்னால் அதற்கு உரிய எண்ணை, அதாவது ஐபி முகவரியை, எடுத்துத் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். அந்த முகவரியை ஒரு முறை கேட்டு வாங்கிவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை அந்தத் தளத்துக்காரரே நொடிக் கணக்கில் சொல்லியிருப்பார், அதற்கு டிடிஎல் என்று பெயர். 300 என்றால் ஐந்து நிமிடம், 86400 என்றால் ஒரு முழு நாள்.

அந்த 86400-ல் நானே மாட்டியிருக்கிறேன். கும்பகோணத்தில் சித்தப்பாவுக்குப் பாத்திரக்கடை. கடையின் விலைப்பட்டியல் இருக்கும் தளத்தை ஒரு ராத்திரி வேறு சர்வருக்கு மாற்றினேன், டிடிஎல்லை முன்கூட்டியே குறைத்து வைக்காமல். மறுநாள் காலை பத்தரைக்கு போன். "ஏன்டா தம்பி, வந்தவர் செல்லுல ஒரு விலை காட்டுறார், என் கம்ப்யூட்டர்ல வேற விலை நிக்குது. கடையில நான் திருட்டு முழி முழிக்கிறேன்." பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்தது. கடைக் கம்ப்யூட்டர் சமர்த்தாக அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

அழிக்கும் முன் ஒன்று பார்க்கச் சொன்னேன், நீங்களும் பாருங்கள். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, சிஎம்டி என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.) முதலில் பிங், இடைவெளி, தளத்தின் பெயர். அடுத்து என்எஸ்லுக்அப், இடைவெளி, அதே பெயர். பிங் உங்கள் கம்ப்யூட்டரின் குறிப்பைப் பார்த்து முகவரி சொல்லும். என்எஸ்லுக்அப் அந்தக் குறிப்பைத் தொடாமல் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பெரிய தளங்களுக்குப் பல முகவரிகள் இருக்கும், அங்கே இந்தச் சோதனை குழப்பும். ஒரே சர்வரில் ஓடும் சின்னத் தளத்துக்கு இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய குறிப்பு. சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்தது.

பிறகு ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, அதோடு ஒட்டி ஃப்ளஷ்டிஎன்எஸ். "ஃப்ளஷ்னா? பாத்ரூம்ல இருக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். வேலை முடிந்தது என்று ஒரு வரி வந்தது, ஆனால் பக்கம் மாறவில்லை. காரணம், குரோம் தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கும். எல்லா ஜன்னலையும் மூடித் திறந்த பிறகுதான் புது விலை வந்தது. அதற்கும் மசியாவிட்டால் முகவரிப் பட்டையில் குரோம்://நெட்-இன்டர்னல்ஸ்/#டிஎன்எஸ் என்று போய் 'க்ளியர் ஹோஸ்ட் கேஷ்' பட்டனை அழுத்துங்கள். பாஸ்வேர்டு, ஹிஸ்டரி எதுவும் போகாது. உபுண்டு போன்ற லினக்ஸில் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ். மேக்கில் சூடோ போட்டு கில்ஆல் -ஹெச்யூபி எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்து அடிக்க வேண்டும்.

என்எஸ்லுக்அப்பே பழைய முகவரியைத்தான் சொல்கிறதா? அப்படியானால் பழைய குறிப்பு ரவுட்டரிலோ இன்டர்நெட் கம்பெனியிடமோ இருக்கிறது. பத்து தடவை ஃப்ளஷ் பண்ணினாலும் மறுபடி அதையே வாங்கி வரும். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், அல்லது நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் சர்வராக கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டில் ஒன்றைக் கொடுங்கள். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலையும் இந்தக் கேஷ்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். புதிதாக டொமைன் (தளத்துக்கான பெயர்) வாங்கியவர்கள், அதற்கு ஐபி முகவரியைப் பதியும் டிஎன்எஸ் ரெக்கார்டு போடும் முன்பே ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் திறக்கவில்லையே என்று புலம்புவது இதனால்தான்.

கடைசியாக ஹோஸ்ட்ஸ் ஃபைல். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைக்கும் முன், நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தன. கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். அதன் பேரன் இன்றும் நம் விண்டோஸில், சிஸ்டம்32-க்குள் ட்ரைவர்ஸ், அதற்குள் ஈடிசி ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு தளத்தின் முகவரி அதில் எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் டிஎன்எஸ்ஸைக் கேட்கவே கேட்காது. ஃப்ளஷ்ஷுக்கும் அது அசையாது.

சித்தப்பா தளத்தை மாற்றும் முன் சோதித்துப் பார்க்க என் லேப்டாப்பில் அந்த ஃபைலில் ஒரு வரி எழுதியிருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். அடுத்த வருஷம் மறுபடி சர்வர் மாற்றியபோது ஊரில் எல்லாருக்கும் தளம் திறந்தது, எனக்கு மட்டும் திறக்கவில்லை. அரை நாள் ஃப்ளஷ் பண்ணிக்கொண்டிருந்தேன். "எனக்கு நல்லாத்தானே வருது, நீ குரோமை மூடித் திறந்தியா?" என்று கேட்டார் சித்தப்பா.