வருமான வரி கட்டலைன்னா விபத்து இழப்பீடு கிடையாதா?

கிடைக்கும். அந்த 40,000 ரூபாய் சமரசத் தாள்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க. 2014-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்குல, அடிபட்டவர் காய்கறி வியாபாரி. சம்பளச் சீட்டு எதுவும் இல்லாமலே மாசம் 6,500 ரூபாய் வருமானம்னு கணக்கு எடுத்தாங்க.

எண்ணூர் நெடுஞ்சாலையில டிரெய்லர் இடிச்சு கால் முறிஞ்சு, தண்டையார்பேட்டை டிபன் கடை ரெண்டு மாசமா பூட்டிக் கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. "வரி கட்டின காகிதம் இல்ல, 40,000 வாங்கிட்டு முடிச்சுக்கோ"ன்னு டிரெய்லர் தரப்பு ஆள் அவசரப்படுத்துறது, நீங்க விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற தீர்ப்பாயம் போனா கூடுதலாக் கொடுக்க வேண்டி வரும்னுதான் இருக்கும்.

இன்னைக்கே கடையில தேடுங்க. கல்லாப் பக்கத்துல எண்ணெய்க் கறையோட ஒரு நோட்டு இருக்குமே, மாவு, பால் பாக்கி எழுதுறது? அதுதான் உங்க சாட்சி. ஒரு பக்கம்கூட கிழிக்காதீங்க. விபத்துக்கு முந்தின ஆறு மாச ஜிபே வரவை வங்கியில பிரிண்ட் எடுங்க. சிலிண்டர் பில், மாநகராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் சேருங்க.

அப்புறம் எஃப்ஐஆர் நகல்ல வண்டி நம்பர் சரியா இருக்கான்னு ஒவ்வொரு எழுத்தா பாருங்க. டிரெய்லர்னா முன்னாடி இழுக்கிற வண்டி நம்பர் முக்கியம்.

ஒண்ணு மட்டும்: 2022 ஏப்ரல் 1-க்கு அப்புறம் நடந்த விபத்துக்கு மனு போட ஆறு மாசம்தான் கெடுன்னு சட்டம். உங்களுக்கு ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. கால் ஆறட்டும்னு காத்திருக்காதீங்க, சென்னையில அந்தத் தீர்ப்பாயம் இயங்குற, ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற சிறு வழக்குகள் நீதிமன்றத்துல வக்கீல் வெச்சு இந்த வாரமே ஆரம்பிங்க.