பில்லிங் சர்வரில் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னும் பின்னும்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்களுக்கு ஜவுளிக் கடை இருக்கிறது. நாலு பில்லிங் கவுன்டர், மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர். அதில் உபுண்டு என்ற லினக்ஸும் மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸும் போட்டிருக்கிறார்கள். கரண்ட் போய் வந்தால் சில நாள் எல்லாக் கவுன்டரிலும் 'டேட்டாபேஸ் இணைப்பு இல்லை' என்று வந்து நிற்கிறது. சில நாள் கரண்ட் போகாமலே, மாலைக் கூட்டத்தில் இப்படி ஆகிறது. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் போனில் 'சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்கிறார். போன வாரம் ஆன் செய்தும் வெகுநேரம் வராததால் மறுபடி பட்டனை அழுத்திவிட்டோம். டேட்டாபேஸை மட்டும் முறையாக ரீஸ்டார்ட் செய்வது எப்படி? பில்கள் அழிந்துபோகுமா? (கடைக் கணக்கைப் பார்க்கும் வாசகி)

பதில்: பில்கள் பற்றிய பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அமைப்புகளை யாரும் மாற்றாமல் இருந்தால், சேமிக்கப்பட்டுச் சீட்டு அச்சான பில் கரண்ட் போனதால் மட்டும் அழியாது. கடையில் வரவை முதலில் சிட்டையில் எழுதிவிட்டு, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுகிறீர்கள் அல்லவா? மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சினும் அதையேதான் செய்கிறது. பில் உறுதியானதும் அது 'ரீடூ லாக்' என்ற சிட்டையில் பதிவாகி டிஸ்க்கில் இறங்கிவிடும். உண்மையான அட்டவணைக் கோப்பில் ஏறுவது அதன் பிறகுதான். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை எழும்போது சிட்டையைப் படித்து, விட்டுப்போனதையெல்லாம் பேரேட்டில் ஏற்றும். பாதியில் நின்ற பில்களை நீக்கும். இதற்குப் பெயர் க்ராஷ் ரெக்கவரி.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' என்ற அமைப்பு இயல்பாக 1-ல் இருக்கும். வேகம் வேண்டும் என்று சிலர் அதை 2 ஆக்கிவிடுவார்கள். அப்படி மாற்றியிருந்தால், கரண்ட் போகும் நொடியில் போட்ட பில்கள் போய்விடலாம். நாலு கவுன்டர் உள்ள கடைக்கு அந்த வேகம் தேவையே இல்லை. சாஃப்ட்வேர்காரரிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

போன வாரம் 'வெகுநேரம் வரவில்லை' என்றீர்களே, அப்போது பெரும்பாலும் இந்த ரெக்கவரிதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நடுவில் பட்டனை அழுத்தியதால் அது முதலிலிருந்து தொடங்கியிருக்கும். ரெக்கவரி பாதியில் அறுந்தாலும் மறுபடி செய்யும்படிதான் இன்னோடிபி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, அதனால் அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் டிஸ்க்குக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் ஆபத்து கூடுகிறது, காத்திருக்கும் நேரமும் நீள்கிறது. அந்த நேரத்தில் தேவை பொறுமை. அது வேலை செய்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும்.

அதைத் தெரிந்துகொள்ளும் வழி இது. கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். சர்வரின் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மைஎஸ்க்யூஎல்' (sudo systemctl status mysql) என்று கொடுங்கள். 'ஆக்டிவ், ரன்னிங்' என்று பச்சையில் வந்தால் சர்வீஸ், அதாவது பின்னணியில் இயங்கும் டேட்டாபேஸ் நிரல், ஓடுகிறது. 'ஆக்டிவேட்டிங்' என்றால் எழுந்துகொண்டிருக்கிறது, தொடாதீர்கள். 'ஃபெயில்ட்' என்று சிவப்பில் வந்தால் விழுந்துகிடக்கிறது. உபுண்டுவில் சர்வீஸின் பெயர் மைஎஸ்க்யூஎல். சென்ட்ஓஎஸ் வகைகளில் மைஎஸ்க்யூஎல்டி, மரியாடிபி போட்டவர்களுக்கு மரியாடிபி. பெயர் தப்பாக இருந்தால் 'அப்படி ஒரு யூனிட்டே இல்லை' என்று வரும். டேட்டாபேஸே போய்விட்டதாக அதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு.

இன்னொரு டெர்மினலில் எர்ரர் லாக்கை, அதாவது டேட்டாபேஸ் தன் நிலையையும் பிழைகளையும் எழுதிவைக்கும் கோப்பை, திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வார், அதற்குள் லாக், அதற்குள் மைஎஸ்க்யூஎல், அதற்குள் எர்ரர் டாட் லாக் என்ற கோப்பு. 'டெயில் மைனஸ் எஃப்' போட்டால் புது வரிகள் வரவரத் தெரியும். 'ரெடி ஃபார் கனெக்‌ஷன்ஸ்' என்ற வரி வந்துவிட்டால் டேட்டாபேஸ் எழுந்துவிட்டது. அந்த வரிக்கு முன்னால் கவுன்டரில் எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. அது வந்த பிறகும் கவுன்டர் இணையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டேட்டாபேஸில் இல்லை.

சர்வீஸ் பச்சையாக ஓடுகிறது, கவுன்டர் மட்டும் இணையவில்லை என்றால் ரீஸ்டார்ட் மூலக் காரணத்தைச் சரி செய்யாது. கரண்ட் போய் வந்த பிறகு இப்படி ஆனால் என் முதல் சந்தேகம் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) மேல்தான். ரவுட்டரும் சர்வரும் ஒன்றாக அணைந்து எழும்போது, ரவுட்டர் சர்வருக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். கவுன்டர்கள் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்யும்போது தற்செயலாகப் பழைய முகவரி திரும்பினால் 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். 'சில நாள் மட்டும்' என்று நீங்கள் எழுதியிருப்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது. சர்வரிலேயே உட்கார்ந்து மைஎஸ்க்யூஎல்லுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே நுழைய முடிந்து கவுன்டரிலிருந்து முடியவில்லை என்றால் நெட்வொர்க்தான். சர்வருக்கு நிலையான முகவரி ஒதுக்கச் சொல்லுங்கள். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மாலைக் கூட்டத்தில் நிற்பது வேறு கதை. மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகள் இயல்பாக 151. நாலு கவுன்டர் அதைத் தொடவே கூடாது. தொட்டால், சாஃப்ட்வேர் இணைப்புகளைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறது என்று பொருள். உள்ளே போய் 'ஷோ ப்ராசஸ்லிஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். 'ஸ்லீப்' என்று வரிசையாக நூற்றுக்கும் மேல் நின்றால் அதுதான் ஆதாரம், போட்டோ எடுத்து சாஃப்ட்வேர்காரருக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு ரிப்போர்ட் மட்டும் நெடுநேரம் ஓடி மற்றவற்றை நிறுத்தி வைத்திருந்தால், அதன் எண்ணைச் சொல்லி 'கில்' கொடுத்தால் போதும், மற்ற மூன்று கவுன்டரை வெளியே தள்ள வேண்டியதில்லை. பெரிய மாற்றம் ஒன்று நடுவில் நின்றால் அதைத் திரும்பப் பெறும் வேலையை மைஎஸ்க்யூஎல் செய்தே ஆக வேண்டும். ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த வேலை குறையாது, மறுபக்கம் போய்த் தொடரும்.

கூட்ட நேரத்தில் டேட்டாபேஸ் திடீரென்று விழுந்து, சற்று நேரத்தில் தானே எழுந்துவிடுகிறது என்றால் மெமரி போதாமல் இருக்கலாம். மெமரி தீர்ந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், அதிகம் பிடித்திருக்கும் ப்ராசஸை (ஓடும் நிரலை) பெரும்பாலும் கொன்றுவிடும். பெரும்பாலும் அது மைஎஸ்க்யூஎல்லாகத்தான் இருக்கும். 'டிமெசேஜ்' (dmesg என்று தட்ட வேண்டும்) வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சர்வரிலேயே யாராவது பிரவுசரைத் திறந்து வாட்ஸ்அப் பார்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பில்லிங் சர்வரில் பில்லிங்கைத் தவிர வேறு எதுவும் ஓடக் கூடாது என்பதில் நான் கறாரானவன்.

சர்வீஸ் 'ஃபெயில்ட்' என்று கிடந்தால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் கொடுக்காமல், முதலில் 'டிஎஃப் மைனஸ் எச்' போட்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கடைகளில் இது அடிக்கடி வரும் காரணம். மைஎஸ்க்யூஎல் 8-ல் தரவில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்யும் பைனரி லாக் இயல்பாகவே ஓடும், 30 நாள் சேர்த்து வைக்கும். சிறிய டிஸ்க் அதிலேயே நிரம்பிவிடும். அந்தக் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். பழைய பேக்கப் பிரதிகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றி இடம் பண்ணுங்கள். டேட்டாபேஸ் எழுந்த பிறகு 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால் பழையவற்றை நீக்கலாம். இடம் இருந்தும் எழவில்லை என்றால், எர்ரர் லாக்கின் கடைசி 30 வரிகளைப் போட்டோ எடுங்கள். காரணம் அதற்குள்தான் இருக்கும்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாலு கவுன்டரிலும் கையிலிருக்கும் பில்லை முடித்துவிட்டு சாஃப்ட்வேரை மூடச் சொல்லுங்கள். பிறகு 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மைஎஸ்க்யூஎல்' கொடுங்கள். ரீஸ்டார்ட் என்று ஒரே கட்டளையாகவும் கொடுக்கலாம். ஆனால் பழகும் வரை நிறுத்துவதையும் கிளப்புவதையும் பிரித்தே செய்யுங்கள், எந்தப் பாதியில் சிக்குகிறது என்று தெரியும். நிறுத்தும்போது மெமரியில் இருப்பதையெல்லாம் பேரேட்டில் எழுதி முடிக்கும், அதனால் நேரம் எடுக்கலாம். லாக்கில் 'ஷட்டவுன் கம்ப்ளீட்' வரும் வரை நில்லுங்கள். பொறுக்காமல், நிரலை வலுக்கட்டாயமாகக் கொல்லும் 'கில் மைனஸ் 9' என்ற லினக்ஸ் கட்டளையை அடித்தால், கரண்ட் போவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வரி வந்ததும் அதே கட்டளையில் ஸ்டாப்புக்குப் பதிலாக ஸ்டார்ட், பிறகு 'ரெடி ஃபார் கனெக்‌ஷன்ஸ்' வரும் வரை காத்திருப்பு. முதலில் ஒரே கவுன்டரைத் திறந்து, கடைசி பில் எண்ணையும் தொகையையும் கையிலிருக்கும் சீட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் மற்ற கவுன்டர்களைத் திறக்கலாம். முதல் சில நிமிடம் தேடுதல் மெதுவாக இருக்கும், அது இயல்பு.

இணையத்தில் தேடினால் 'ஐபி லாக்ஃபைலை (ib_logfile, அதாவது ரீடூ லாக் கோப்பை) அழித்துவிடு, எழுந்துவிடும்' என்று யோசனை சொல்வார்கள். அழிப்பது உங்கள் சிட்டையை! பேரேட்டில் ஏறாத பில்கள் அதோடு போய்விடும். 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி' என்ற அமைப்பையும் சொல்வார்கள். அது 1 முதல் 6 வரை போகும். 4-ம் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. அந்த நிலை வந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் சர்வீஸை நிறுத்திவிட்டு வார், லிப், மைஎஸ்க்யூஎல் அடைவை முழுதாக வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நகல் இருந்தால் எந்தத் தவறையும் திருத்த வழி இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபேனுக்குப் போட்ட இன்வெர்ட்டர் சர்வருக்குப் போதாது, மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து எழலாம். சர்வர், ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றுக்கும் ஒரு யுபிஎஸ் வேண்டும். யுஎஸ்பி கேபிள் உள்ளதாகப் பார்த்து வாங்கி, நட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே முறையாக அணையும். பராமரிப்புக்கான மின்தடை முந்தைய நாளே நாளிதழில் வந்துவிடும். அன்று காலை நீங்களே நிறுத்திவிடுங்கள். அப்புறம், தயவுசெய்து மாடிப்படிக்குக் கீழிருந்து சர்வரை மேலே ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராயபுரம், காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றும் கனெக்டர்களை அரிக்கும், தரையோடு இருந்தால் ஈரமும் சேரும்.

இன்று இரவு கடை அடைத்ததும் 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' கட்டளையை 'சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன்' என்ற தேர்வோடு ஓட்டி, முழு பேக்கப் ஒன்றை பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அது எல்லா வரிகளையும் படித்தாக வேண்டும் என்பதால், போன வாரம் பட்டனை அழுத்தியதில் ஏதாவது கெட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அது சுத்தமாக முடிந்த பிறகு 'மைஎஸ்க்யூஎல்செக்' ஓட்டுங்கள். ஒவ்வொரு அட்டவணைக்கும் எதிரில் 'ஓகே' வர வேண்டும். வேறு எதுவும் வந்தால் ரிப்பேர் எதையும் ஓட்டாமல், அந்த அட்டவணையின் பெயரையும் வந்த வரியையும் அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.