தம்பிக்கு மாதம் 900, வங்கிக்கு 22 விழுக்காடு

கேள்வி: எனக்கு வயது 45, சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அப்பாவுக்கு 75. போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து குளிப்பாட்ட, உடை மாற்ற, கழிவறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். பணிப்பெண் வைத்திருக்கிறோம். நாளைக்கு எனக்கும் இப்படி ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. உடல் முடங்கினால் மாதாமாதம் பணம் தரும் அரசுக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃபுக்கு மேல் ஒரு கூடுதல் காப்புறுதியை முகவர் சொல்கிறார்: முடங்கினால் மாதம் 2,000 வெள்ளி கிடைக்கும், ஆண்டுச் சந்தா 1,500. தம்பியின் கடைக்கு மாதம் 900 கொடுப்பதால் கை எப்போதும் காலி. வங்கியின் கிரெடிட் லைனில் (வேண்டும்போது எடுக்கும் கடன்) 16,000 பாக்கி, வட்டி 22 விழுக்காடு. எடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்தத் திட்டம் மோசம் என்பதால் அல்ல. கடன் வாங்கித் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான்.

16,000-க்கு 22 விழுக்காடு என்றால் ஆண்டுக்குச் சுமார் 3,500, மாதம் 290 வெள்ளி. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

கடிதத்தில் எல்டர்ஷீல்டு என்ற பேச்சே இல்லை. அது கேர்ஷீல்டு லைஃபுக்கு முன்பிருந்த, முடங்கியவர்களுக்கு மாதாமாதம் பணம் தரும் காப்புறுதி. அது 2002-ல் வந்தபோது அப்பாவுக்கு 50 வயது தாண்டியிருக்கும். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்காதவர்களை அப்போது தானாகவே சேர்த்தார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடமாட்டம், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் துணையின்றிச் செய்ய முடியாவிட்டால் பணம் வரும். நீங்கள் சொன்னதிலேயே மூன்று இருக்கிறது! பழைய திட்டமென்றால் மாதம் 300 வீதம் 60 மாதம், மொத்தம் 18,000. மாதம் 400 தரும் திட்டத்துக்கு மாறியிருந்தால் 72 மாதம், 28,800. இது மருத்துவமனைக் கட்டணத்துக்கான காப்புறுதி என்று நினைத்துப் பல வீடுகளில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் மதிப்பீடு செய்து, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு (AIC) மூலம் விண்ணப்பியுங்கள். பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300-லிருந்து 60 ஆகக் குறையும் சலுகையையும் அங்கேயே கேளுங்கள்.

ஆக, அப்பாவுக்கு வரவேண்டிய 300-ஐக் கேட்கவில்லை. தம்பிக்காக 290-ஐ வட்டியாகக் கட்டுகிறீர்கள்.

தம்பியிடம் பேசுங்கள். "கடையை மூடு" என்று சொல்ல வேண்டாம், "இனி என்னால் முடியாது" என்றால் போதும். அப்பாவைப் பார்ப்பது அவருடைய பொறுப்பும்தானே? அந்த 900-ஐயும் இப்போது கட்டும் வட்டியையும் சேர்த்து மாதம் 1,190 கட்டினால் 16 மாதத்தில் கடன் முடிந்துவிடும். இடையில் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்ற முடிந்தால் இன்னும் சீக்கிரம்.

உங்கள் பயத்துக்கு வருவோம். 1980-லோ அதற்குப் பின்னரோ பிறந்த உங்களுக்குக் கேர்ஷீல்டு லைஃப் ஏற்கெனவே உண்டு. சந்தா மெடிசேவிலிருந்து (மருத்துவச் செலவுக்கான உங்கள் கட்டாயச் சேமிப்புக் கணக்கு) போகிறது. 2020-ல் மாதம் 600 என்று தொடங்கிய தொகை 2025-ல் 662 ஆனது, 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறுகிறது. முடங்கிய நிலை நீடிக்கும்வரை ஆயுள் முழுதும் வரும், அப்பாவுடையது போல 60 மாதத்தோடு நிற்காது. பணிப்பெண் செலவுக்கே இது போதாதுதான், மறுக்கவில்லை.

ஆனால் முகவர் சொன்ன 1,500-ல் மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 600 வரைதான் எடுக்க முடியும். மீதி 900 ரொக்கம். உங்கள் நிலையில் அதுவும் கிரெடிட் லைனிலிருந்துதான் வரும். வயது ஏறினால் சந்தா ஏறும் என்று அவசரப்படுத்துவார், அது உண்மையும்கூட. அந்த ஏற்றம் 22 விழுக்காட்டு வட்டியைவிட மலிவு. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ எட்டிப் பார்த்தால் பிறகு மறுக்கக்கூடும் என்பது மட்டும்தான் நியாயமான கவலை. அது உறுத்தினால் முழுச் சந்தாவும் 600-க்குள் அடங்கும் சிறிய திட்டமாகக் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன், மேலே சொன்ன ஆறு செயல்களில் எத்தனை முடியாமல் போனால் பணம் தருவார்கள், எத்தனை வயது வரை சந்தா கட்ட வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.