காட்டு ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? அறையைவிட நிலத்தைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறைக்கு அம்மா (70 வயது), மகன் (9 வயது) இருவரோடும் காட்டுக்குள் இருக்கும் சின்ன ஹோட்டலில் நான்கு நாள் தங்க ஆசை. ‘தனியார் வனம்’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று எல்லாருமே எழுதுகிறார்கள். உண்மையானதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிங்கப்பூரிலேயே அப்படி ஒன்று இருக்கிறதா? நாங்கள் சைவம். – ஈசூன் வாசகி

பதில்: சிங்கப்பூரை முதலில் முடித்துவிடுவோம். புக்கித் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார் என இங்கே இயற்கை வனப்பகுதிகள் நான்குதான். நான்கையும் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. தனியார் வனம் கிடையாது. ஓரளவு நெருங்கி வருவது 2025இல் மண்டாயில் திறந்த மழைக்காட்டு ரிசார்ட். மின்சாரம் குறைவாகச் செலவாகும்படி கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதில் 338 அறைகள். ‘சின்ன ஹோட்டல்’ கணக்கில் வராது. அம்மாவுக்கு நடக்கச் சிரமம் என்றால் மட்டும் அதையே சொல்வேன். ஈசூனிலிருந்து டாக்சியில் போய்விடலாம்.

வெளிநாடு என்றால், மூங்கில் ஸ்ட்ராவையும் ‘துண்டை மறுநாளும் பயன்படுத்துங்கள்’ அட்டையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துண்டு விஷயத்தில் சலவைச் செலவு மிச்சமாவது ஹோட்டலுக்குத்தான். மின்னஞ்சலில் இதைக் கேளுங்கள்: நிலம் யாருடையது, ஹோட்டல் வருவதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது? வெட்டி முடித்த காட்டையோ பழைய தோட்டத்தையோ வாங்கி, மரங்களை மீண்டும் வளரவிட்டு, அறை வாடகையிலிருந்து வனக்காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் உண்டு. நல்ல காட்டை வெட்டி நீச்சல் குளம் கட்டிவிட்டுப் பெயரில் மட்டும் ‘வனம்’ வைத்துக்கொண்ட இடங்களும் உண்டு. நம்மில் பலர் ஊட்டிப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளும் மசினகுடிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யானைகளின் வழித்தடத்திலேயே ரிசார்ட்டுகள் எழும்பின. அவை வெளியேற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னதை, 2020 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அடுத்து, கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது? கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள். சுத்திகரிப்பு முறை உள்ளவர்கள் பெருமையாகவே விளக்குவார்கள். ‘எல்லாம் இயற்கை முறைதான்’ என்று மழுப்பினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பக்கத்து ஆற்றில் விடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வேன்.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஜிஎஸ்டிசி சான்றிதழ் பெற்றது’ என்று போட்டிருப்பார்கள். ஜிஎஸ்டிசி என்பது உலகளாவிய நிலைத்தன்மைச் சுற்றுலா மன்றம் (Global Sustainable Tourism Council). அந்த மன்றம் நேரடியாக ஹோட்டல்களுக்குச் சான்றிதழ் தருவதில்லை. அளவுகோல்களை வகுப்பதும், சான்றளிக்கும் அமைப்புகளுக்கு அங்கீகாரம் தருவதும்தான் அதன் வேலை. ஆகவே சான்றளித்த அமைப்பின் பெயரையும் சான்றிதழ் எதுவரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

போய்ச் சேர்ந்தபின் சமையலறையின் பின்பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். குப்பைத்தொட்டி மூடிக்குக் கொக்கி போட்டிருக்கிறதா? மூடி கவிழ்ந்து கிடந்து, குரங்குகள் சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் அங்கே யாரும் காட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று அர்த்தம். விருந்தினர் படம் எடுப்பதற்காக விலங்குகளுக்குத் தீனி போடும் இடத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். நம் ஊரிலேயே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல்முறை 5,000 வெள்ளி வரை அபராதம்.

‘தனியார்’ என்பதில் பிடிவாதம் இல்லையென்றால் மலேசியாவின் சாபா மாநிலத்தில் இருக்கும் டானம் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். 438 சதுர கிலோமீட்டர் காடு. சாபா அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே ஒரு தங்கும் விடுதி உண்டு. கோத்தா கினபாலு போய், அங்கிருந்து லஹாட் டத்துவுக்கு இன்னொரு விமானம், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வண்டிப் பயணம். அம்மாவால் முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடியும் என்றால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில், படி குறைவான அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

அட்டைப்பூச்சி நிச்சயம் இருக்கும். நெருக்கமான நெசவில், முழங்கால் வரை வரும் அட்டைக்கடிக் காலுறை விற்கிறார்கள். மகனுக்குக் கால்சட்டையை அதற்குள் திணித்துவிடுங்கள். கொசு விஷயம் இதைவிடப் பெரிது. சாபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா இருக்கிறது. புறப்படும் முன் பயண மருத்துவரைப் பாருங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டில், ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மலேசியச் சமையலில் கீரை வதக்கலிலும் பிளாச்சான் (இறால் விழுது) சேரும். மீன், இறால், பிளாச்சான், சிப்பிச்சாறு எதுவும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அதே மின்னஞ்சலில் மின்சாரம் நாள் முழுக்க உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். அம்மா இன்சுலின் போடுபவர் என்றால், ஜெனரேட்டரை இரவில் நிறுத்திவிடும் இடத்தில் குளிர்பதனப்பெட்டியை நம்ப முடியாது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது அவசர மருத்துவ இடமாற்றச் செலவும் அதில் அடங்குமா என்று பார்த்து எடுங்கள்.