எம்பி3 காப்புரிமை முடிந்தது: எது இலவசம், எது இல்லை?

கேள்வி: எம்பி3 செத்துவிட்டது என்று 2017-இல் செய்தி வந்ததே. என் பாட்டுகள் இனி பாடாமல் போகுமா?

பதில்: பாடும். எம்பி3 காப்புரிமைகளை வைத்திருந்த ஜெர்மன் ஆய்வு நிறுவனம் ஃபிரான்ஹோஃபரும் பிரெஞ்சு நிறுவனம் டெக்னிகலரும் நடத்திவந்த, பணம் வாங்கி அனுமதி தரும் உரிமத் திட்டத்தை 2017 ஏப்ரல் 23 அன்று முடித்துக்கொண்டார்கள். கடைசி அமெரிக்கக் காப்புரிமைகளும் காலாவதியாகிவிட்டதால் அவர்கள் விற்பதற்கு உரிமம் என்று எதுவும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான். அதைச் சாவு என்று எழுதியது தலைகீழான செய்தி.

கேள்வி: தரநிலை வெளியானது 1993-இல். காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு என்றால் 2013-லேயே முடிந்திருக்க வேண்டாமா?

பதில்: எம்பி3 ஒரே காப்புரிமை அல்ல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு உத்திக்கும் தனித்தனியாக, வெவ்வேறு தேதியில் விண்ணப்பித்திருந்தார்கள். அதோடு, 1995 ஜூன் 8-க்கு முந்தைய அமெரிக்க விண்ணப்பங்களுக்கு, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, இரண்டில் எது நீளமோ அது. அதனால்தான் அங்கே வால் இவ்வளவு நீண்டது.

கேள்வி: என் செயலியில், ஒலியை எம்பி3 ஆக்கும் மென்பொருளான லேம் என்கோடரைச் சேர்த்து விற்கலாமா?

பதில்: தாராளமாக. காப்புரிமைக்காக யாருக்கும் பைசா தர வேண்டாம். ஆனால் லேமின் நிரலுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. அது எல்ஜிபிஎல் என்ற, சில நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த விடும் திறமூல உரிமத்தில் வருகிறது. உத்திக்கான காப்புரிமை, எழுதிய நிரலுக்கான பதிப்புரிமை, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் சறுக்குகிறார்கள். லேமைத் தனி டைனமிக் லைப்ரரியாக (செயலி ஓடும்போது ஏற்றப்படும் தனிக் கோப்பாக) இணையுங்கள். உரிம வாசகத்தைக் கூடவே வையுங்கள். லேம் பயன்படுத்தியிருப்பதைப் பயனர் கண்ணில் படும்படி சொல்லுங்கள். நீங்கள் செய்த திருத்தங்கள் உட்பட லேமின் மூலநிரலைக் கிடைக்கச் செய்யுங்கள். ஸ்டாட்டிக்காக, அதாவது உங்கள் செயலிக் கோப்புக்குள்ளேயே சேர்த்தால், பயனர் லேமை மாற்றி மறுபடி இணைக்க வசதியாக உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் தர வேண்டிவரும்.

காப்புரிமைப் பயத்தால்தான் ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டி முன்பு லேமைத் தனியாக இறக்கச் சொன்னது, 2.3.2 பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது.

கேள்வி: அப்படியானால் எம்பி3 பாடல்களும் இலவசமா?

பதில்: இல்லை. பாடலின் பதிப்புரிமை இதில் துளியும் மாறவில்லை.

கேள்வி: என் தொகுப்பு முழுவதையும் எம்பி3-க்குப் பின் வந்த ஏஏசி வடிவத்துக்கு மாற்றிவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். எம்பி3 ஆக்கும்போது வெட்டி எறிந்த ஒலி திரும்பி வராது. ஏஏசி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வெட்டும். நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3-ஐ 256 கிலோபிட் ஏஏசி ஆக்கினால் கோப்பு இரண்டு மடங்காகும், தரம் ஒரு படிகூட ஏறாது. கைதட்டலையும் சிம்பல் ஓசையையும் ஹெட்போனில் கேளுங்கள், பழைய கரகரப்பு அப்படியே இருக்கும்.

சிடியோ, ஒலியை வெட்டாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்போ கையில் இருந்தால் அதிலிருந்தே புதிதாக எடுங்கள். லேமில் வி2 என்ற தர அமைப்பு போதும்: சராசரி 190 கிலோபிட், நிமிடத்துக்குச் சுமார் 1.4 மெகாபைட். போனிலும் கணினியிலும் மட்டும் கேட்பவருக்கு ஓபஸ் இன்னும் நல்லது. 2012-இல் தரநிலையானபோதே ராயல்டி இல்லாமல் வந்த வடிவம் அது. பழைய கார் பிளேயரில் யுஎஸ்பி குச்சி செருகிக் கேட்பவர் எம்பி3-ஐ விட வேண்டாம்.